சிறுவாடும் பாஸ் புத்தகமும்

அரிசிப் பானையின் அடியிலும், அஞ்சறைப் பெட்டியின் மூலையிலும், மடித்து வைத்த பட்டுப் புடவையின் இடுக்கிலும் நம் வீட்டுப் பெண்கள் சேர்த்து வைக்கும் காசுக்குச் சிறுவாடு என்று பெயர். கறிகாய் வாங்கியதில் மிஞ்சியது, பால் கணக்கில் மிஞ்சியது, பிறந்தகம் சென்று திரும்புகையில் தமையன் கையில் வைத்த நோட்டு ஒன்று என்று துளித்துளியாகச் சேர்ந்த அந்தப் பணம், எத்தனையோ குடும்பங்களில் ஒரு பையனின் பரீட்சைக் கட்டணமாகவும் ஒரு பெண்ணின் காதுத் தோடாகவும் மாறியிருக்கிறது. அதற்கு ரசீது இல்லை, பேரேடு இல்லை. கணவனுக்குத் தெரியாத பணம் என்று பெயரே ஒழிய, தெரிந்தும் தெரியாதவன்போல் இருந்துவிடுவதே நல்ல கணவனுக்கு அடையாளமாக இருந்து வந்தது.

பிழைப்பை நாடி மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் வந்து குடியேறிய நம்மவர்களுடைய வீடுகளில் அரிசிப் பானையின் இடத்தைப் பாங்கிக் கணக்கு பெரும்பாலும் பிடித்துக்கொண்டுவிட்டது. கணவர் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, இருவர் பெயரிலும் ஒன்று என்று பாஸ் புத்தகங்கள் அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பானையில் இருந்த காசு யாருடையது என்ற கேள்வி எழாத வீட்டிலே, பாஸ் புத்தகத்தில் இருக்கும் பணம் யாருடையது என்ற கேள்வி ஒரு நாள் எழுந்தே தீருகிறது. அது எழும் நாள் பெரும்பாலும் துக்க நாளாக இருப்பதுதான் வருத்தத்துக்குரியது.

சில ஆண்டுகளுக்கு முன் தில்லி கரோல்பாகில் எங்கள் அண்டை வீட்டுக்காரர் காலமானார். மத்திய சர்க்கார் உத்தியோகம், சிக்கனமான மனிதர். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் தம் பெயரையும் மனைவியின் பெயரையும் சேர்த்து ஒரே கணக்கில் போட்டு வந்திருந்தார். பாங்கியில் அந்த அம்மாளுக்கு ஒரு தொல்லையும் ஏற்படவில்லை. மரணச் சான்றிதழைக் காட்டினார். பணம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. மூன்றாம் மாதம் கும்பகோணத்திலிருந்து மாமியாரின் சார்பில் ஒரு கடிதம் வந்தது. மகன் விட்டுச் சென்ற பணத்தில் தாய்க்குள்ள பங்கைத் தரவேண்டுமென்று அதில் கேட்டிருந்தது. கடிதத்தையும் பாஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். "என் பெயரும் இதிலே இருக்கிறதே, மாமா! பிறகு பங்கு ஏது?" என்று கேட்டார்.

அவருக்கு அன்று நான் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது.

நாம் சீதனம் என்று சொல்லுகிற சொல் ஸ்திரீதனம் என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். இன்று அது மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கும் தொகை என்ற பொருளில் தாழ்ந்துபோய்விட்டது. முதலில் அதன் பொருள் பெண்ணின் சொந்தச் செல்வம் என்பதே. மணப்பந்தலில் அக்கினியின் முன் கொடுத்தது, புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது கொடுத்தது, அன்பினால் கணவன் கொடுத்தது, தாயும் தந்தையும் சகோதரனும் கொடுத்தது என்று மனு ஸ்மிருதி அதனை ஆறாக வகுத்தது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் மனைவியின் செல்வம் பற்றி விரிவான விதிகள் உண்டு.

கணவன் அதைத் தொடலாமா? தொடலாம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் அன்று. பஞ்சம், தவிர்க்க முடியாத தருமச் செயல், நோய், சிறைப்பாடு ஆகிய நான்கு நெருக்கடிகளில் கணவன் எடுத்துக்கொண்ட ஸ்திரீதனத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று யாக்ஞவல்கியர் விதித்தார். மற்றச் சமயங்களில் எடுத்தால் அது கடன். மனைவியின் பணத்துக்கும் கணவனின் கைக்கும் இடையே இவ்வளவு தெளிவாக ஒரு கோடு கிழித்திருப்பதைப் பார்த்து வியக்கிறோம்.

வியந்து முடிப்பதற்குள் காத்தியாயனர் குறுக்கிடுகிறார். பெற்றோரும் உற்றாரும் கொடுத்தது பெண்ணின் முழு ஆட்சிக்கு உட்பட்டது என்பதை அவரும் ஒப்புக்கொள்ளுகிறார். ஆனால் அவள் தன் கைத்தொழிலால் ஈட்டியதும், உறவினரல்லாதார் கொடுத்ததும் கணவனின் ஆட்சிக்கு உட்பட்டவை என்கிறார். நூல் நூற்றும் கூடை முடைந்தும் சம்பாதித்த பெண்ணுக்கு, சம்பாதியாமல் பெற்ற பரிசின்மேல் உரிமை. சம்பாதித்த கூலியின்மேல் உரிமை இல்லை. பின்னால் கல்யாணி நகரில் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் காலத்தில் மிதாக்ஷரம் எழுதிய விஞ்ஞானேசுவரர், ஸ்திரீதனம் என்பதற்கு மிக விரிந்த பொருள் கூறினார். விலைக்கு வாங்கியது, வாரிசாக வந்தது யாவும் அதில் அடங்கும் என்பது அவர் கொள்கை. ஆங்கில ஆட்சிக்கால நீதிமன்றங்கள் அந்த விரிவை முற்றும் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் வழங்கிய தேவண்ண பட்டரின் ஸ்மிருதி சந்திரிகை முதலான நூல்களையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழக்காகத் தீர்த்து வந்தன.

ஆங்கிலேயர் நம்மை விடத் தாராளமாக இருந்தார்கள் என்று எண்ண இடமில்லை. அவர்கள் பொதுச் சட்டத்தில் மணமான பெண்ணுக்குத் தனிச் சட்ட உருவமே கிடையாது. அவளுடைய கையிருப்பும் கூலியும் தாலி ஏறிய கணமே (அங்கே மோதிரம் ஏறிய கணமே என்று சொல்லவேண்டும்) கணவனைச் சேர்ந்தன. 1870-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்தப் பெண்ணின் சம்பாத்தியம் ஓரளவு அவளுக்குக் கிடைத்தது. 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் அவள் சொத்து முழுவதும் அவளுடையதாயிற்று. அதற்கு முன்பே இந்தியாவில் 1865-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம், மணத்தினால் மட்டும் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு உரிமை உண்டாகாது என்று அறிவித்திருந்தது. ஆனால் அது முக்கியமாகக் கிறிஸ்தவர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் பயன்பட்டது. 1874-இல் வந்த மணமான பெண்டிர் சொத்துரிமைச் சட்டமும் அப்படியே. பெண்ணின் கூலியும் சேமிப்பும் அவளுக்கே உரியன என்று அது சொல்லிற்று. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, ஜைன மதங்களைச் சேர்ந்த பெண்களுக்கு இது பொருந்தாது என்றும் கூடவே சொல்லிவிட்டது. இந்த நாட்டுப் பெண்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே நிறுத்திய சட்டம் அது.

இங்கே ஒரு சிறு புதுமையைக் கவனிக்க வேண்டும். முந்திய ஆண்டாகிய 1873-இல், சர்க்கார் சேமிப்பு பாங்கிகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதில் மணமான பெண் போட்ட பணத்தை அவளிடமே கொடுக்கலாம், அவள் தரும் ரசீதே போதுமானது என்று விதி அமைந்தது. 1882-இல் தபால் ஆபீஸ் சேமிப்பு பாங்கி தோன்றியபோது இந்த விதியே அதற்கும் ஆதாரமாயிற்று. பெண்ணுரிமையில் கொண்ட ஆர்வத்தினால் இதை எழுதியதாகத் தோன்றவில்லை. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா, காத்தியாயனரைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்க முடியாது. யாரிடம் கையெழுத்து வாங்கினால் தன் பொறுப்பு தீரும் என்பதே அவர் கவலை. அந்தக் கவலையிலிருந்து பெண்ணுக்கு ஒரு சுதந்திரம் பிறந்தது. பணம் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று. யாரிடம் கொடுத்தால் பாங்கியின் கடமை தீரும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அன்று தனித்தனியே பிரிந்தன. இன்றுவரை பிரிந்தே நிற்கின்றன. நம் வீடுகளில் நிகழும் குழப்பம் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால் விளைவது.

இந்தப் பிரிவு எவ்வளவு ஆழமானது என்பதை 1928-இல் லண்டனில் பிரிவி கௌன்சில் அளித்த ஒரு தீர்ப்பு காட்டிற்று. குரான் தித்தா வழக்கு என்று சட்ட நூல்கள் அதைக் குறிக்கும். ஓர் இந்து தம் சொந்தப் பணத்தைத் தம் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்த்து பாங்கியில் போட்டிருந்தார். இருவரில் எவரும், ஒருவர் மறைந்தால் எஞ்சியவரும், பெற்றுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அவர் இறந்தபின் பணம் மனைவிக்குச் சொந்தமா, அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் உரிய சொத்தா என்று வழக்கு எழுந்தது. இங்கிலாந்தாக இருந்தால் கணவன் மனைவி பெயரில் பணம் போட்டதை அவளுக்குக் கொடுத்த கொடையென்று நீதிமன்றம் ஊகிக்கும். இந்தியாவில் அப்படி ஊகிக்க இடமில்லை என்றது பிரிவி கௌன்சில். கொடுக்கும் எண்ணம் இருந்தது என்று வேறு சான்று காட்டினாலொழிய, பணம் போட்டவருடைய சொத்தாகவே அது நிற்கும் என்று தீர்ந்தது.

ஏன் இந்த வேற்றுமை? காரணம் பினாமி. நம் நாட்டில் மனைவி பெயரிலும் மகன் பெயரிலும் மைத்துனன் பெயரிலும் சொத்து வாங்குவது பழங்காலந்தொட்டு வந்த வழக்கம். கடன்காரனுக்கு அஞ்சியோ, பங்காளிக்கு அஞ்சியோ, சில சமயம் ஜோதிடனுக்கு அஞ்சியோ அவ்வாறு வாங்குவார்கள். பெயர் ஒருவருடையது, பொருள் மற்றொருவருடையது. இந்தப் பழக்கத்தைக் கருதி 1854-லேயே, தந்தை மகன் பெயரில் வாங்கிய சொத்தைக் கொடையென்று ஊகிக்க முடியாது என்று பிரிவி கௌன்சில் கூறியிருந்தது. அந்தத் தர்க்கம் எழுபத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் ஒரு விதவையின் பாஸ் புத்தகம்வரை வந்து சேர்ந்தது. ஊரார் செய்த பினாமித் தந்திரங்களுக்கு அந்த விதவை விலை கொடுக்க நேர்ந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1988-ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டம் இந்த நிலையை ஓரளவு தலைகீழாக்கிற்று. மனைவி பெயரிலோ மணமாகாத மகள் பெயரிலோ வாங்கிய சொத்தை, மாறாக நிரூபிக்கும்வரை, அவள் நன்மைக்காக வாங்கியதாகவே கொள்ளவேண்டும் என்றது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த ஊகத்துக்கு மறுபடி இடம் கிடைக்கவில்லை. கணக்குக் காட்டக்கூடிய வருவாயைக் கொண்டு மனைவி பெயரில் வாங்குவது பினாமி ஆகாது என்ற அளவில் சட்டம் நின்றது.

இன்ஷியூரன்ஸ் விஷயத்தில் சென்னை முந்திக்கொண்டது என்பதைத் தமிழர்கள் சற்றுப் பெருமையுடன் நினைக்கலாம். மனைவி மக்களின் நன்மைக்கென்று முகப்பில் எழுதி ஒருவர் ஆயுள் பாலிஸி எடுத்தால், அந்தத் தொகை அவருடைய கடன்காரர்களுக்கும் எட்டாது. பொதுச் சொத்திலும் சேராது. 1874-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு தந்த பாதுகாப்பு இது. இந்துக்களுக்கும் இது உண்டு என்று 1913-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் தீர்த்தது. பிற இடங்களில் கருத்து வேற்றுமை இருந்ததனால் 1923-இல் சட்டத்தையே திருத்தினார்கள். திருத்தத்தில் ஒரு விசித்திரமான வரி இருக்கிறது. சென்னையில் 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்த பாலிஸிகளுக்கும், நாட்டின் ஏனைய பகுதிகளில் 1923 ஏப்ரல் 1-க்குப் பின் எடுத்தவற்றுக்கும் இது பொருந்தும் என்கிறது அந்த வரி. மயிலாப்பூர் மனைவிக்குக் கிடைத்த பாதுகாப்பு தாதர் மனைவிக்குக் கிடைக்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இந்தப் பிரிவின்படி எடுக்கும் பாலிஸி இன்றும் உண்டு. கேட்டு எடுப்பவர்கள் குறைவு.

சிறுவாட்டுக்கு வருவோம். வீட்டுச் செலவுக்குக் கணவன் கொடுத்த பணத்தில் மனைவி மிச்சம் பிடித்தது யாருடையது? இங்கிலாந்தில் 1943-இல் இதே கேள்வி நீதிமன்றம் ஏறிற்று. பிரிந்து வாழ்ந்த ஒரு மனைவி, வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்து, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தன் பெயரில் நூறு பவுண்டுக்குச் சற்று மேலாகச் சேர்த்து வைத்திருந்தாள். அது முழுவதும் கணவனுடையதே என்று அப்பீல் நீதிமன்றம் தீர்த்தது. மிச்சம் பிடித்தாலும் பணத்தின் ஊற்று கணவனுடையது என்பதே காரணம். நாட்டில் பெருங் கூக்குரல் எழுந்தது. 1964-இல்தான் அத்தகைய மிச்சம் இருவருக்கும் சமபாதி என்று பார்லிமெண்டு சட்டம் செய்தது. நம் நாட்டில் அப்படித் தனியாக ஒரு சட்டம் ஏற்படவில்லை. ஏற்பட்டிருந்தால் எத்தனை அரிசிப் பானைகளுக்குக் கணக்குக் கேட்டிருப்பார்களோ!

இந்துப் பெண்ணுக்குப் பெரிய திருப்பம் 1956 ஜூன் 17-இல் வந்தது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தில் பங்கு கொடுத்திருந்தாலும், அதை அவள் தன் ஆயுள்வரை அனுபவிக்கலாமேயன்றி இஷ்டம்போல் விற்க முடியாது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் இழுபட்டதும் அம்பேத்கர் 1951-இல் மந்திரி பதவியைத் துறந்ததற்கு ஒரு முக்கிய காரணம். பிறகு அந்தத் தொகுப்பைப் பகுதி பகுதியாக நிறைவேற்றினார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பதினான்காம் பிரிவு, இந்துப் பெண் தன் உடைமையாகக் கொண்டுள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்று கூறிற்று. பரிசாக வந்ததாயினும், தன் திறமையால் ஈட்டியதாயினும், விலைக்கு வாங்கியதாயினும் ஒன்றே. காத்தியாயனர் விதித்த தடை அன்றோடு நீங்கிற்று. உத்தியோகம் பார்க்கும் பெண்ணின் சம்பளக் கணக்கில் அவள் அனுமதியின்றிக் கணவன் கை வைக்க உரிமையில்லை. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாங்கியில் போய்க் கேட்டாலும், கணக்கு வைத்திருப்பவரின் ரகசியத்தைக் காப்பது பாங்கியின் கடமையாதலால் சொல்லமாட்டார்கள். கணவனின் தனிக் கணக்கைப் பற்றி மனைவி கேட்டாலும் இதே பதில்தான்.

ஸ்திரீதனப் பணமும் நகையும் பற்றி உச்ச நீதிமன்றம் 1985-இல் கடுமையாகவே பேசிற்று. மனைவியின் ஸ்திரீதனம் கணவனிடம் இருந்தாலும் அது இருவருக்கும் பொதுவான சொத்தாகாது; திருப்பித் தர மறுத்தால் நம்பிக்கை மோசடிக் குற்றமாகலாம் என்றது. 2024-இலும் இதே கருத்தை வலியுறுத்திற்று. யாக்ஞவல்கியரின் கோட்டை மறுபடியும் கிழித்ததுபோல!

முஸ்லிம் பெண்களுக்கு இந்தச் சங்கடம் தொடக்கத்திலிருந்தே குறைவு. அவர்கள் சொத்து மணத்துக்குப் பின்னும் அவர்களுடையதே. மஹர் தொகையும் அவர்களுக்கே உரியது. வாரிசாக வரும் பங்குதான், மக்கள் இருந்தால் எட்டில் ஒன்று, இல்லையேல் நான்கில் ஒன்று. கோவாவில் குடியேறிய நம்மவர்கள் அங்குள்ள அண்டை வீட்டாரிடம் வேறொரு முறையைக் காணலாம். 1867-ஆம் ஆண்டுப் போர்ச்சுகீசிய சிவில் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத கோவாத் தம்பதிகளின் சொத்து இருவருக்கும் பொது, ஆளுக்குப் பாதி. வருமான வரிச் சட்டமே அவர்களுக்கென்று தனிப் பிரிவு வகுக்க வேண்டியிருந்தது. கோவாவில் வாடகைக்குக் குடியிருப்பதால் மட்டும் அது நமக்குப் பொருந்திவிடாது.

இனிக் கூட்டுக் கணக்கின் ஏற்பாடுகளைப் பார்ப்போம். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் என்பது ஒரு வகை. இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியவர் என்பது இன்னொரு வகை. தம்பதிகள் பெரும்பாலும் இதையே விரும்புகிறார்கள். முதலாமவர் உள்ளவரை அவரே, அவருக்குப் பின் மற்றவர் என்பது மூன்றாவது. இரண்டாம் வகையில் கணவனோ மனைவியோ ஒரே நாளில் கணக்கைக் காலி செய்தாலும் பாங்கியைக் குறை சொல்ல முடியாது. ஒருவர் எழுத்து மூலம் ஆட்சேபித்தால், இருவரும் சேர்ந்து கையெழுத்திடும்வரை பாங்கி கணக்கை நிறுத்தி வைப்பது வழக்கம். செக்கு திரும்பினால் என்ன ஆகும் என்று அஞ்சும் மனைவியர்க்கு ஓர் ஆறுதல்: கூட்டுக் கணக்காயினும் செக்கில் கையெழுத்திட்டவர்மீதே வழக்குத் தொடர முடியும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அந்த வழக்கில் கையெழுத்துக் கணவருடையது. குற்றக் கூண்டில் நிறுத்தப் பார்த்தது மனைவியை.

நாமினி என்று ஒருவரை எழுதி வைக்கும் முறை பாங்கிகளுக்கு 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. விதிகள் 1985-இல் ஏற்பட்டன. அதற்குமுன் கணக்குக்காரர் இறந்தால் பணம் பெறுவதற்கு வாரிசுச் சான்றிதழுக்காகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை நாமினி முறை குறைத்தது. ஆனால் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே. சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார் என்று இன்ஷியூரன்ஸ் வழக்கொன்றில் 1984-இலும், பாங்கி வழக்கொன்றில் 2010-இலும் உச்ச நீதிமன்றம் விளக்கிற்று. கூட்டுக் கணக்கில் எஞ்சியவருக்கும் இதே நிலைதான். அவர் பெற்றது வாரிசுகள் எல்லோருக்காகவும் என்று ரிசர்வ் பாங்கியும் 2005-இல் பாங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் நினைவூட்டிற்று. 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அவ்வாண்டு நவம்பர் 1 முதல், நான்கு பேர் வரை நாமினியாக எழுதலாம். கைகள் கூடின, சொந்தம் பற்றிய கேள்வி மாறவில்லை.

அனுமதி என்பதிலும் வாய்ச் சொல் செல்லாது. 2013-இல் பெங்களூரில் பிரசவ விடுப்பில் இருந்த ஒரு பெண், தன் ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் கணவரிடம் கொடுத்து இருபத்தையாயிரம் ரூபாய் எடுத்துவரச் சொன்னார். இயந்திரம் பணத்தைத் தரவில்லை. சீட்டு மட்டும் வந்தது. கணக்கில் தொகை கழிந்துவிட்டது. நுகர்வோர் மன்றம் 2018-இல் அவருக்கு எதிராகவே தீர்த்தது. ரகசிய எண்ணைப் பிறரிடம் தரக்கூடாது என்பது நிபந்தனை, கணவரும் பிறரே. தாமே ஒரு செக்கு எழுதியோ, அதிகாரக் கடிதம் தந்தோ அனுப்பியிருக்கலாம் என்றார்கள். கைக்குழந்தையோடு இருந்தவருக்கு இது எவ்வளவு கசந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. நம்மவர் பலர் இதையே தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கணவனிடமிருந்து பணத்தைக் காப்பாற்றவும் பெண்களுக்கு பாங்கி தேவைப்பட்டதுண்டு. மில் வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்களும் குடியேறிய ஆமதாபாதில், 1974-இல் நாலாயிரம் ஏழைப் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்குப் பணம் போட்டு சேவா பாங்கியைத் தொடங்கினார்கள். காய்கறி விற்பவர்கள், தலைச்சுமை தூக்குபவர்கள், பழந்துணி வியாபாரிகள். பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதற்காகக் கணக்கு எண் எழுதிய பலகையைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவரையும் படம் எடுத்து, அந்தப் படத்தையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். 2014-இல் ஜன் தன் திட்டம் தொடங்கிய பின் திறந்த கணக்குகளில் பாதிக்கு மேற்பட்டவை பெண்கள் பெயரில் அமைந்தன. கணக்கு பெண் பெயரிலும், அட்டை கணவன் சட்டைப் பையிலும் இருக்கும் வீடுகளும் அவற்றுள் இல்லாமலில்லை.

வெளியூரில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் குடும்பங்களுக்கு மிகவும் நெருங்கிய வழக்கு ஒன்று உண்டு. 1880 முதல் மணியார்டர் கொண்டுவந்த தபால்காரர் மனைவியின் கைந்நாட்டை வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பணத்தில் அவள் வாங்கிய நிலம் யாருடையது? தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர் 1983 முதல் 1994 வரை சௌதி அரேபியாவில் வேலை பார்த்து மனைவிக்குப் பணம் அனுப்பினார். அவள் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே சொத்துக்கள் வாங்கினாள். திரும்பி வந்த கணவர் எல்லாம் தம்முடையவை, மனைவி வெறும் காவலாள் என்று வழக்குத் தொடர்ந்தார். அவர் காலத்துக்குப் பின்னும் வழக்கு நடந்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். விடுமுறையே இல்லாத வீட்டு வேலையை மனைவி ஏற்றதனால்தான் கணவன் வெளியே சம்பாதிக்க முடிந்தது. ஆகையால் அந்தச் சம்பாத்தியத்தால் வாங்கிய சொத்தில் அவளுக்கும் சம பங்கு உண்டு என்றார். பணத்தின் ஊற்று கணவனுடையது என்ற 1943-ஆம் ஆண்டு ஆங்கிலத் தர்க்கத்துக்கு நேர் எதிரான வழி இது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதி பி. வி. நாகரத்னா, வேலைக்குச் செல்லாத மனைவிக்குக் கூட்டுக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் கணவன்மார் திறந்துவிட வேண்டும் என்று எழுதினார். அது அறிவுரை, இன்னும் சட்டமாகவில்லை.

கரோல்பாக் அம்மாளுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. பணம் முழுவதும் கணவர் சம்பளம், உயில் இல்லை, ஆகையால் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கும், இரண்டு பிள்ளைகளுக்கும், மாமியாருக்கும் ஆளுக்குக் கால் பங்கு என்று மட்டும் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பெரியவர்தானே, மருந்துக்கும் வேண்டும்" என்றார். அடுத்த வாரம் கும்பகோணத்துக்கு டிராஃப்டு போயிற்று. மாமியாரின் கைந்நாட்டோடு ரசீதும் திரும்பி வந்தது.

அந்த ரசீதைக் காட்ட வந்த அன்று, அவர் பையிலிருந்து இன்னொரு புத்தகத்தையும் எடுத்தார். ஓரம் நைந்த தபால் ஆபீஸ் பாஸ் புத்தகம். அவர் பெயர் ஒன்று மட்டும் அதில் இருந்தது. பல ஆண்டுகளாக ஐம்பதும் நூறுமாகப் போட்டு வந்திருக்கிறார். கணவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும், கேட்டதில்லை" என்றார். இதற்கும் பங்கு கேட்பார்களா என்று அறியவே அதைக் கொண்டுவந்திருந்தார். கேட்கமாட்டார்கள் என்றேன். புத்தகத்தை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டு, நாமினி பெயரை மாற்றப் படிவம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனார்.